பட்லர் துரோகியா?

கேள்வி: வேலூர்ப் புரட்சியைப் பற்றிப் படித்தால், அன்று கோட்டையில் இருந்த பிரிட்டிஷ் காலாட்படையான 69-ஆம் ரெஜிமென்ட் பெயர் வருகிறது. பின்னாளில் அதே ரெஜிமென்டில் சேர்ந்து தளபதி வரை உயர்ந்த வில்லியம் பட்லர் ஓர் அயர்லாந்துக்காரர். தன் நாட்டை அடிமையாக வைத்திருந்தவனிடமே சம்பளம் வாங்கிய இவரைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் சொல்லாமல், ஏன் சுற்றி வளைக்கிறார்கள்?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: ஒரே வார்த்தையில் முடித்தால் எனக்கும் வேலை மிச்சம்தான். அந்த ஆள் அதற்குள் அடங்க மாட்டேன் என்கிறாரே!

1838-இல் அயர்லாந்தின் டிப்பரரியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவர். உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து அயர்லாந்தை வாட்டிய பஞ்சத்தின்போது சின்னப் பையன். குத்தகை கட்ட முடியாத குடியானவர்களைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கூரையைப் பிய்த்தெறிந்ததை நேரில் கண்டவர். அப்படிப்பட்டவர் 1858-இல் ராணி விக்டோரியாவின் படையில் போய்ச் சேர்ந்தார். அவர் மட்டுமா? 1830 வாக்கில் பிரிட்டிஷ் படையில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் ஐரிஷ்காரர்கள். அத்தனை பேரையும் துரோகி என்றால், யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று கேட்க அயர்லாந்தில் ஆள் மிஞ்சாது.

சேர்ந்த இடத்தில் ராஜ உபசாரமும் இல்லை. அன்று அதிகாரிப் பதவி விலைக்கு விற்ற சரக்கு. பட்லரிடம் பணம் இல்லை. பர்மா, மதராஸ், கனடா என்று சுற்றியும் கேப்டன் ஆனது 1872-இல்தான். விற்பனை முறையை ஒழித்ததே அதற்கு முந்தைய ஆண்டு.

எனக்கு அவரைவிட அவர் வீடு சுவாரசியம். 1877-இல் அவர் மணந்த எலிசபெத் தாம்ப்சன், இங்கிலாந்தே கூட்டம் கூட்டமாய்ப் போய்ப் பார்த்த போர் ஓவியங்களை வரைந்தவர். ஒரு படத்தை, வாங்கியவரிடமிருந்து ராணியே கேட்டு எடுத்துக்கொண்டார். ஆனால் கல்யாணமான மறு வருஷம் அந்த அம்மா வரைந்தது வேறு: பட்டாளத்துக்கு ஆள் பிடித்துப் போகிறார்கள், நடுவில் இரண்டு ஐரிஷ் இளைஞர்கள், பின்னால் கூரையில்லாத குடிசைகள். 1890-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். குடியிருந்தவரை வெளியேற்றி இடித்துப் போட்ட வீட்டின் முன்னால் தனியாக நிற்கும் ஒரு பெண். அதைப் பார்த்த பிரதமர் சாலிஸ்பரி, இயற்கைக் காட்சி இவ்வளவு அழகாக இருக்கிறதே, நானும் இப்படியொரு வெளியேற்றத்துக்குப் போயிருக்கலாம் என்கிற தோரணையில் கிண்டலடித்தார். படம் விலை போகவில்லை. ஆறு பிள்ளைகளைப் பெற்று, கணவர் மாற்றலான ஊருக்கெல்லாம் கூடவே போய், இதையும் வரைந்திருக்கிறார்.

பட்லருக்கு வருவோம். 1898-இல் தென்னாப்பிரிக்காவில், பிரிட்டிஷார் வசமிருந்த கேப் காலனியில் படைத் தலைவர். அங்கே பிரிட்டனின் தலைமைப் பிரதிநிதியான ஹை கமிஷனர் மில்னர் ஊருக்குப் போயிருந்த சில மாதம் அந்த நாற்காலியும் இவரிடம். பக்கத்தில் போயர்கள், அதாவது டச்சு வழி வந்த வெள்ளைக் குடியேறிகள், ஆண்ட டிரான்ஸ்வாலில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ராணிக்கு அனுப்பச் சொல்லி ஒரு மனுக் கொடுத்தார்கள். போயர்களோடு சண்டை மூட்டும் வேலை இது என்று அனுப்ப மறுத்தார். மில்னர் திரும்பிய பிறகு ஒத்துப்போகவில்லை, 1899-இல் ராஜினாமா. அக்டோபரில் போர் வந்தது, பத்திரிகைகள் அவரைப் போயர் கைக்கூலி என்று வைதன. ஆக, உங்கள் வார்த்தையை லண்டன்காரர்கள் அன்றே அவர்மேல் எறிந்துவிட்டார்கள்!

புனிதர் பட்டம் கட்டவும் நான் தயாரில்லை. பிரிட்டன் ஆப்பிரிக்காவில் நடத்திய அசாண்டிப் போர், ஜூலுப் போர், எகிப்துப் படையெடுப்பு எல்லாவற்றிலும் இருந்தவர் அவர். அங்கெல்லாம் ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை. கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊர் விஷயம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையை மீட்க ஆற்காட்டிலிருந்து பாய்ந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியும் அயர்லாந்துக்காரர்தான், டவுன் (Down) என்ற மாவட்டத்துக்காரர். அவருக்குத் துணையாக வந்த மதராஸ் குதிரைப்படையில் இருந்தவர்கள் நம்மவர்கள். அவர்களுக்கு என்ன ஒற்றை வார்த்தை வைத்திருக்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.