பெர்ஃப் அறிக்கையில் பெயர்கள் வராதது ஏன்?

கேள்வி: எங்கள் பலகையில் 32 பிட் கார்டெக்ஸ் ஏ7 செயலியும் பில்ட்ரூட் (பலகைகளுக்கான லினக்ஸைக் கட்டித்தரும் தொகுப்பு) கொண்டு கட்டிய லினக்ஸும் உள்ளன. நிரலின் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அளக்கும் லினக்ஸ் கருவியான பெர்ஃப்பின் ரெக்கார்டு கட்டளை பிழையின்றி ஓடுகிறது. ஆனால் அறிக்கையில் எங்கள் நிரலின் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் பதினறும எண்களே வருகின்றன. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் அழைப்புச் சங்கிலியும் ஓரிரு படிகளில் அறுந்துவிடுகிறது. கம்பைலர் நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷனை நிறுத்திவிட்டு அளந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டினால் நீங்கள் அளப்பது வேறொரு நிரலாகிவிடும். இன்லைன் ஆகவேண்டிய (அழைக்கும் இடத்திலேயே கலந்துவிட வேண்டிய) சிறு ஃபங்ஷன்கள் தனித்து நின்று, இல்லாத செலவைக் காட்டும். உங்கள் அளவீட்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. முகவரிகள் பதிவாகிவிட்டன, அவற்றைப் பெயராக மாற்றும் சிம்பல் அட்டவணைதான் பலகையில் இல்லை. பலகைக்குச் செல்லும் கோப்புகளை பில்ட்ரூட் இயல்பாகவே ஸ்ட்ரிப் செய்துவிடுகிறது, அதாவது அந்த அட்டவணையை நீக்கிவிடுகிறது.

ஆப்டிமைசேஷன் தெரிவான -ஓ2வை அப்படியே வைத்துக்கொண்டு, பிழைதிருத்தத் தகவலைத் தரும் -ஜி சேர்த்துக் கட்டுங்கள். ஸ்ட்ரிப் செய்யாத கோப்புகளைப் பலகையில் உள்ள அதே அடைவு அமைப்பில் உங்கள் கணினியில் வைத்து, அந்த அடைவை நெட்வொர்க் கோப்புப் பகிர்வான என்எஃப்எஸ் வழியாகப் பலகையில் மவுண்ட் செய்து, பெர்ஃப் ரிப்போர்ட்டின் சிம்எஃப்எஸ் தெரிவில் அதைக் காட்டுங்கள். அதற்கு முன், பலகையிலும் கணினியிலும் உள்ள இரு கோப்புகளின் பில்ட்-ஐடியும் (கட்டும்போது பதியும் அடையாளக் குறி) ஒன்றுதானா என்று ரீட்எல்ஃப் கருவி கொண்டு கட்டாயம் பாருங்கள். அளந்தபின் மறுபடி கட்டிய கோப்பு இங்கே உதவாது. கெர்னல் பெயர்களும் வராவிட்டால் கெர்னல் முகவரிகளை மறைக்கும் அமைப்பான கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட் மதிப்பை 0 ஆக்குங்கள்.

சங்கிலி அறுவதற்குக் காரணம் வேறு. -ஓ2 கொடுத்தால் ஜிசிசி கம்பைலர், ஒவ்வொரு அழைப்பும் ஸ்டேக்கில் இருக்கும் இடத்தைச் சுட்டும் ஃபிரேம் பாயின்டரை விட்டுவிடும். வைத்திருக்கச் சொன்னாலும், செயலியின் இரு கட்டளை நிலைகளில் ஆர்ம் நிலையில் ஆர்11, தம்ப் நிலையில் ஆர்7 என்று ரிஜிஸ்டர் மாறுவதால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்வது நம்பகமானதன்று. ஆகவே ரெக்கார்டு செய்யும்போது கால்-கிராஃப் தெரிவில், பிழைதிருத்தத் தகவலைக் கொண்டு சங்கிலியைப் பிரிக்கும் டுவார்ஃப் முறையைக் கொடுங்கள். இதற்கு, பலகையில் உள்ள பெர்ஃப், எல்ஃப்யூடில்ஸ் அல்லது லிப்அன்வைண்ட் லைப்ரரியின் துணையுடன் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இம்முறை ஒவ்வொரு மாதிரியோடும் ஸ்டேக்கிலிருந்து 8192 பைட் வரை நகலெடுப்பதால், வினாடிக்கு 99 மாதிரிகள் என்றாலே ஒரு கோருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 800 கிலோபைட் வரை சேரும். டிஎம்பி அடைவு பெரும்பாலும் ரேமிலேயே இருப்பதால், அங்கே எழுதினால் அளக்கப்படும் நிரலுக்கே நினைவகம் போதாமல் போகலாம்; யுஎஸ்பி சேமிப்பகத்தில் எழுதுவது நல்லது. அறிக்கையையும் பலகையிலேயே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: டுவார்ஃப் முறையில் சங்கிலியைப் பிரிக்கும் வேலை அறிக்கை எடுக்கும்போதுதான் நடக்கிறது. உங்கள் எக்ஸ்86 கணினியின் பெர்ஃப், ஆர்முக்கான லிப்அன்வைண்ட் சேர்க்காமல் கட்டப்பட்டிருந்தால், பெயர்கள் எல்லாம் வந்தபின்னும் சங்கிலி மட்டும் வராமல் போகலாம்.