மரத்தடியில் கற்ற அணியிலக்கணம்

கேள்வி: படிப்பவரை நம் பக்கம் இழுக்கும்படி எழுத எந்த அணிகள், எந்த உத்திகள் உண்மையிலேயே உதவும்?

பள்ளியில் அணியிலக்கணக் கேள்விகளில் நான் மார்க்கைக் கோட்டைவிட்டதே இல்லை. அந்தத் திமிரில்தான் பல வருடங்களுக்கு முன் எங்கள் தெருவிளக்குக்காக ஒரு மனு எழுதினேன். எங்கள் ஊர் மேலூர் பக்கம். மனு இரண்டு பக்கம். 'இருளில் தவிக்கும் எங்கள் தெருவுக்கு விடியல் வராதா? எத்தனை இரவுகள் பொறுப்பது? எத்தனை முறை கேட்பது?' என்றெல்லாம் போகும். மூன்று முறை கொடுத்தேன். மூன்று முறையும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நான்காவது முறை, மதுரையில் அண்ணா பஸ் நிலையம் பக்கம் மரத்தடியில் மனு எழுதித் தரும் ஒரு பெரியவரிடம் போனேன். படித்துவிட்டு, "தம்பி, இத மைக்குல பேசுனா கை தட்டுவாங்க. ஆபீஸ்ல உக்காந்திருக்கவரு கை தட்டி என்ன ஆகப்போகுது? அவரு கையெழுத்துல்ல போடணும்" என்றார்.

தெருவில் எத்தனை கம்பம், எத்தனை எரிகிறது, எந்த மாதத்திலிருந்து, யார் விழுந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எட்டு வரியில் முடித்தார். நடுவில் ஒரு வரி: 'மழைக்காலத்தில் பழுது பார்க்கத் தாமதம் ஆகும் என்பதை அறிவோம், மழை நின்று இரண்டு மாதம் ஆகிறது.' எதிராளி சொல்லப்போகும் சாக்கை நாமே முதலில் சொல்லி ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே அதன் வழியை அடைத்துவிடுவது. எனக்குத் தெரிந்த உத்திகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அப்புறம் ஒருநாள் சிலப்பதிகாரத்தைப் புரட்டியபோது, பெரியவர் சொன்னது அங்கேயே இருப்பது தெரிந்தது. மதுரைத் தெருவில் அழுதபடி வரும் கண்ணகி 'பெண்டிரும் உண்டுகொல் பெண்டிரும் உண்டுகொல்', அதாவது இங்கே பெண்களும் இருக்கிறார்களா என்று கேட்கிறாள். பிறகு 'சான்றோரும் உண்டுகொல்', 'தெய்வமும் உண்டுகொல்' என்று அடுக்குகிறாள். விடை வேண்டிக் கேட்ட கேள்விகள் இல்லை இவை. கேட்பவர் நெஞ்சில் குத்துவதற்கு. ஊர் கலங்குகிறது.

அதே கண்ணகி அரசவைக்குள் போனதும் பேச்சு மாறிவிடுகிறது. 'தேரா மன்னா', அதாவது ஆராய்ந்து பார்க்காத அரசனே, என்ற இரண்டே சொல்லில் குற்றச்சாட்டு முடிந்தது. அடுத்து, தான் யார் என்பது. புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்ச்சக்கரத்தில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். 'நீ அப்படி இல்லையே' என்று அவள் சொல்லவே இல்லை. அந்த ஒப்பீட்டை அரசனே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள். அந்த இடத்தில் 'கடைமணி' இரண்டு முறை வரும். முதலில் அரண்மனை வாசல் மணி, அடுத்து பசுவின் கண்மணி. ஒரே சொல் வேறு பொருளில் திரும்ப வருவதால் இது சொல் பின்வருநிலையணி. பரீட்சைக்கு அவ்வளவு போதும். எனக்கு முக்கியமாகப் படுவது, மணி ஒலித்த கையோடு பசுவின் கண்ணீரும் கண்முன் வந்துவிடுவது.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று பாண்டியன் வாதிடும்போது, அவள் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் அவன். பெரிய வழக்கு, உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒரே விஷயமாகச் சுருங்கிவிட்டது. சொல்பவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் வலு என்று அரிஸ்டாட்டில் பிரித்த மூன்றும் அந்தச் சில வரிகளுக்குள் வந்துவிடுகின்றன.

மற்ற உத்திகளுக்கு மதுரைத் தெருவில் ஒரு சுற்று போதும். பூக்காரம்மா "இதான்ணே கடைசி முழம்" என்பார், ஈரத்துணிக்கு அடியில் ஒரு பந்து மல்லி இருக்கும். காதுகுத்து ஃப்ளெக்ஸில் இரண்டு வயதுப் பிள்ளை 'தென்னாட்டுச் சிங்கம்'. உயர்வு நவிற்சி, அதாவது மிகைப்படுத்திச் சொல்வது. யாரும் நம்பவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தாய்மாமன் பாசம் என்று புரிந்துகொள்கிறோம்.

புகழ்வதுபோல் இகழும் வஞ்சப்புகழ்ச்சியில் மட்டும் கவனம். கயவரைத் 'தேவர் அனையர்' என்று வள்ளுவர் சொன்னால் அடுத்த அடியிலேயே ஊசி இருக்கும். நாம் புகார் கடிதத்தில் 'தங்கள் சுறுசுறுப்பைப் பாராட்டுகிறோம்' என்று எழுதினால், அதை நிஜப் பாராட்டு என்றே கோப்பில் வைத்துவிடும் ஆபத்து உண்டு.

சரி, விளக்கு? கொஞ்ச நாளில் ஏணியோடு ஆள் வந்தார். மனுவாலா, அவர்கள் முறைப்படி வந்ததா, சொல்லத் தெரியவில்லை. பெரியவர் என் இரண்டு பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே வரிதான்: 'இருட்டில் கிடப்பது பாம்பா கயிறா என்று தெரியவில்லை.' இதை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"படிக்கும்போது அவரும் ஒரு தடவ மேசைக்குக் கீழ காலப் பாப்பாருல்ல" என்றார்.