கடைசி நாள்ல மட்டும் வர்ற நிபுணர்கள்

கேள்வி: ஆப்கானிஸ்தான்ல அமெரிக்கா தோத்ததுக்கு டிரம்ப் காரணமா, பைடன் காரணமா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லுங்க சார்.

பதில்: ஒரே வார்த்தைல சொல்றதுக்குத்தான் டிவி விவாதம் இருக்கே சார், அத விட்டுட்டு இங்க வந்து கேக்குறீங்களே. 2021 ஆகஸ்ட் 15 தாலிபான் கைல காபூல் விழுந்த அன்னைக்கு எல்லா சேனல்லயும் இதுதான் ஓடுச்சு, கட்சிக்கு ஒருத்தர உக்கார வச்சு உன்னாலதான் உன்னாலதான்னு. தோஹால தாலிபானோட ஒப்பந்தம் போட்டது டிரம்ப் அரசு, 2020 பிப்ரவரி 29ல, 14 மாசத்துல மொத்தப் படையும் கிளம்பிடும்னு. தேதிய நாலு மாசம் தள்ளி அதையே செஞ்சு முடிச்சது பைடன்.

சரி, அந்த ஒப்பந்தத்த எத்தன பேர் படிச்சுட்டு பேசினாங்க? மொத்தமே நாலு பக்கம்தான். காபூல் அரசாங்கம் அதுல கையெழுத்தே போடல, ஆனா அவங்க ஜெயில்ல இருக்குற தாலிபான் கைதிங்க 5,000 பேர் வரைக்கும் வெளிய வருவாங்கன்னு அமெரிக்கா எழுதிக் குடுத்துருக்கு. கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான். ஆப்கான் அதிபர் அஷ்ரப் கனி மொதல்ல முடியாதுன்னார், அப்புறம் அவரையே விட வச்சாங்க.

இன்னொன்னு, கிளம்புறது சிப்பாய்ங்க மட்டும் இல்லன்னு அதுலயே இருக்கு, ட்ரெய்னர், ஆலோசகர், கான்ட்ராக்டர் எல்லாரும்தான். ஆப்கான் விமானப்படையோட ஹெலிகாப்டர், விமானம் எல்லாத்துக்கும் பெரும்பாலும் ரிப்பேர் பாத்தது இந்த கான்ட்ராக்டருங்கதான், அவங்க போனதும் வண்டிங்க ஒவ்வொன்னா தரைல நின்னுடுச்சு, மலைக்கு நடுவுல இருக்குற செக்போஸ்ட்டுக்கு குண்டு போய் சேரல, அடிபட்டவன தூக்கிட்டு வர வழியில்ல, ஆனா நம்ம நிபுணர் சொன்னது என்ன, "ஆப்கான் ஆர்மி சண்டையே போடாம ஓடிட்டாங்க". அந்த 20 வருஷத்துல செத்துப்போன ஆப்கான் ராணுவம், போலீஸ் மட்டும் 60,000க்கு மேல. அவங்க எல்லாம் எதுக்கு செத்தாங்களாம்?

எனக்கு கோவம் வர்றதே வேற ஒரு விஷயத்துக்கு. ஒப்பந்தம் போட்ட அதே 2020ல, அமெரிக்காவோட மூணு பெரிய டிவி நெட்வொர்க்கும் சேர்ந்து மாலை செய்தில ஆப்கானிஸ்தானுக்கு குடுத்தது வருஷம் முழுக்க அஞ்சே நிமிஷம். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல பாத்தா எல்லாரும் நிபுணர்.

கேள்வி: இப்படி கூட நின்னவங்கள விட்டுட்டு கிளம்புறது புதுசா நடக்குறதா, இல்ல எப்பவுமே இப்படித்தானா?

பதில்: வியட்நாம பாருங்க. 1973 ஜனவரி 27ல அமெரிக்கப் படை அங்கேருந்து கிளம்புறதுக்கு பாரிஸ் ஒப்பந்தம். அதுக்கு முன்னாடியே அமெரிக்க அதிபர் நிக்சன் தெற்கு வியட்நாம் அதிபர் தியூவுக்கு தனியா லெட்டர் எழுதுறார், வடக்கு வியட்நாம் ஒப்பந்தத்த மீறினா முழு பலத்தோட திருப்பி அடிப்போம்னு. இத அமெரிக்க காங்கிரஸ் கிட்ட சொல்லல. அதே வருஷம் காங்கிரஸ் இந்தோசீனால இனிமே குண்டு போட காசு கிடையாதுன்னு சட்டம் போட்டுடுச்சு, 1974ல நிக்சனே பதவிய விட்டுப் போயிட்டார், தியூ கிட்ட மிச்சம் இருந்தது அந்த லெட்டருங்க மட்டும்தான். 1975 ஏப்ரல் 30 தெற்கோட தலைநகர் சைகோன் வடக்கு கைல விழுந்துச்சு. அதுக்கு நடுவுல, அமெரிக்கா சார்பா ஒப்பந்தம் பேசின கிசிங்கருக்கு அமைதிக்கான நோபல் வேற. அவரோட சேத்து பரிசு அறிவிச்ச வடக்கு வியட்நாம் தரப்பு லே டக் தோ வேண்டாம்னுட்டார், எங்க நாட்டுல அமைதி எங்க இருக்குன்னு.

கேள்வி: வாக்கு குடுத்துட்டோம்னு ஒரு நாடு காலம் பூரா அடுத்த நாட்டுல சண்ட போட்டுட்டு இருக்கணுமா?

பதில்: வேண்டாம். கிளம்பணும்னு சொன்னவங்கள நான் குத்தம் சொல்லல, 20 வருஷம் ரொம்ப ஜாஸ்தி. ஆனா யாருக்கு என்ன சொல்லிருந்தோம்னு ஒரு கணக்கு வேணும்ல. 1991 பிப்ரவரில, வளைகுடாப் போர் நடக்குறப்போ, அப்ப அதிபரா இருந்த சீனியர் புஷ், ஈராக் மக்களே சதாம ஒதுக்கித் தள்ளுங்கன்னு வெளிப்படையா கூப்பிட்டார். தெற்குல ஷியாக்களும் வடக்குல குர்துகளும் எழுந்தாங்க, போர் நிறுத்தப் பேச்சுல ஹெலிகாப்டர் பறக்க பர்மிஷன் வாங்கிட்டுப் போன சதாம் படை அதே ஹெலிகாப்டர வச்சு அவங்கள அடிச்சுது, அமெரிக்கா தலையிடல. குர்துகளுக்காக ஒரு பாதுகாப்புப் பகுதி போட்டது கூட மலையில அகதிங்க செத்துட்டு இருக்குற படம் உலகம் பூரா வந்ததுக்கு அப்புறம்தான். தெற்குல இருந்தவங்கள பத்தி யாரு பேசினா?

மொழிபெயர்ப்பாளருங்க விஷயமும் அப்படித்தான். அமெரிக்கப் படையோட வேல செஞ்ச ஆப்கானியருக்கு விசான்னு 2009லயே சட்டம், பின்னாடி ஒன்பது மாசத்துல முடிக்கணும்னு கெடு வேற வச்சாங்க, வருஷக்கணக்கா இழுத்துச்சு. காபூல் ஏர்போர்ட் கேட்ல பேப்பர தூக்கி காட்டிட்டு நின்னவங்கள்ல அவங்களும் இருந்தாங்க.

கேள்வி: அப்ப யார் பேச்ச கேக்குறது?

பதில்: பேச்ச விடுங்க, படிங்க. சிகார்னு அமெரிக்க அரசே வச்ச ஒரு தணிக்கை அமைப்பு 2008ல இருந்து மூணு மாசத்துக்கு ஒரு அறிக்கை போட்டுட்டே இருந்துச்சு, பணம் எங்க போச்சு, கட்டுன கட்டடம் நிக்குதான்னு எல்லாமே இருக்கும். படிச்சா தூக்கம்தான் வரும், அது வேற விஷயம். காபூல் விழுந்த அதே வாரம் வந்த அறிக்கைய மட்டுமாவது பாருங்க, 20 வருஷத் திட்டம்னு ஒன்னு இருந்ததே இல்ல, ஒரு வருஷத் திட்டத்தையே 20 தடவ போட்டோம்ங்கற அர்த்தத்துல அவங்களே எழுதிருக்காங்க.