லைட் எரியாட்டி எங்க கிளாஸ ஏன் நிப்பாட்டுறீங்க?

கேள்வி: அக்கா, நாங்க மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல இருக்குறோம். மகளுக்கு 13 வயசு, எட்டாம் ஆண்டு படிக்கிறா. சிறுவர் தினத்துக்கு ஸ்கூல்ல உரிமைகள பத்தி சொல்லிக் குடுத்தாங்க, அதுலருந்து எதுக்கெடுத்தாலும் உரிமைன்னு பேசுறா, போன வாங்கி வச்சா கூட உரிமைங்கிறா. ரோட்டுலருந்து எங்க லயத்து வீடுகளுக்கு வர்ற பாதையில லைட் எரியுறதில்ல, அதனால சாயங்கால கிளாஸுக்கு பையன்க மட்டும் போறாங்க, பொம்பள புள்ளைங்கள நாங்க அனுப்புறதில்ல. "லைட் எரியாட்டி லைட்ட போடச் சொல்லாம எங்க கிளாஸ ஏன் நிப்பாட்டுறீங்க"ன்னு கேட்டுட்டு பிரதேச சபைக்கு கடிதம் எழுதப்போறேன்னு நிக்கிறா. மாமனார், சின்னப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல, தோட்டத்து மேனேஜர் தொர காதுக்கு போனா நமக்குத்தான் வம்புன்னு சத்தம் போடுறார். எழுத விடவா, தடுக்கவா?

பதில்: தங்கச்சி, எழுத விடுங்க. ஒங்க மக கேட்ட அந்த ஒரு கேள்விய நான் நாலு தடவ வாசிச்சேன், பெரியவங்க நாம இத்தன வருஷமா அந்த இருட்டுல நடந்துட்டு கேக்காத கேள்வி அது.

மொதல்ல மாமனார் விஷயம். அவர் பயத்த லேசா எடுக்காதீங்க, புள்ளையும் லேசா எடுக்க விடாதீங்க. 1948ல இலங்கையில சட்டம் போட்டு நம்ம மலையகத் தமிழ் ஆளுங்க குடியுரிமைய பறிச்சாங்க, 1964 ஒப்பந்தத்துல இவ்வளவு பேர் அங்க இவ்வளவு பேர் இங்கன்னு இந்தியாவும் இலங்கையும் தலைய எண்ணி பிரிச்சாங்க, அதுல மிஞ்சி நின்னவங்களுக்கு 1988லயும் அப்புறம் 2003லயும் வந்த சட்டங்களாலதான் பிரஜாவுரிமை கெடைச்சுது. வாயத் தொறந்தா லயத்து காம்பராவே போயிரும்னு பார்த்து வளந்த மனுசர்ட்ட போயி உரிமைய பத்தி கிளாஸ் எடுக்க முடியாது. அதனால மகளுக்கு ஒரு வேல குடுங்க, தாத்தாட்ட போயி "நீங்க மொதமொத எப்ப ஓட்டு போட்டீங்க, அப்ப ஒங்களுக்கு எத்தன வயசு"ன்னு கேட்டு ஒரு கொப்பியில எழுதச் சொல்லுங்க. புள்ளைக்கு உரிமைன்னா என்னன்னு எந்த போஸ்டர விடவும் அந்த பதில்ல நல்லா வெளங்கும், அவருக்கும் பேத்தி எதிர்த்துப் பேசுறான்னு இல்லாம நம்ம கதைய கேக்குறாங்கிற நெனப்பு வரும்.

இப்ப சட்டம். ஐநா சபையோட சிறுவர் உரிமை சமவாயம்ங்கிற ஒப்பந்தம் 1989ல வந்துச்சு, இலங்கை அதுல 1990ல கையெழுத்து வச்சு 1991ல ஏத்துக்கிச்சு. அதுல 12வது உறுப்புரை, புள்ளைங்கள பாதிக்கிற விஷயத்துல அவங்க கருத்த சொல்ல விடணும், வயசுக்கும் பக்குவத்துக்கும் ஏத்தமாதிரி அதுக்கு மதிப்பு குடுக்கணும்னு சொல்லுது. புள்ள சொன்னதெல்லாம் நடந்தே ஆகணும்னு அதுல இல்ல. ஒங்க போன் பிரச்சினைக்கும் பதில் இதுலயே இருக்கு, போன ஏன் வாங்கி வச்சோம்னு நீங்க அவளுக்கு காரணம் சொல்லணும், அவ பக்கத்து பேச்ச முழுசா கேக்கணும், அப்புறம் முடிவு ஒங்களோடது. வீட்டுல இப்பிடி கேட்டுப் பழகுன புள்ளதான் வெளியில போயி சபையோட காரணத்தையும் கேட்டுட்டு பேசும், சும்மா கத்தாது. படிப்பு விஷயமும் சின்னதில்ல, இந்த நாட்டுல 5 வயசுலருந்து 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி, டியூஷன் அதுக்குள்ள வராதுன்னாலும் ஒரே லயத்துல பையன் போகலாம் பொண்ணு போகக்கூடாதுங்கிறது நியாயமில்லன்னு ஒங்களுக்கே தெரியும்.

சரி, கடிதம் யாருக்கு எழுதணும்? இது பெரியவங்களுக்கே கொழப்பமான விஷயம், ஏன்னா தோட்டத்துல எதுக்கெடுத்தாலும் தொரட்டயோ யூனியன் தலைவர்ட்டயோ தானே போய் நிக்கிறோம். பிரதேச சபை காசு தோட்டத்துக்குள்ள வர்றதுக்கு 1987 பிரதேச சபை சட்டத்துல 33வது பிரிவு பெரிய தடையா இருந்துச்சு, அத 2018ல திருத்துனாங்க. அதே 2018 தேர்தல்லதான் முந்தி ஒரே சபையா இருந்த அம்பகமுவ, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியான்னு மூணா பிரிஞ்சு மொதமொத ஓட்டு நடந்துச்சு. அதனால ஒங்க சபை இப்ப பக்கத்துலயே இருக்கு, ஒங்க வட்டாரத்து மெம்பர் யாருன்னு புள்ளைங்களே கண்டுபுடிக்கட்டும். காணி தோட்டத்தோடதுங்கிறதால நிர்வாகத்தோட பேசணும்னு சபையில சொல்லலாம், அப்பிடி சொன்னா பேச வேண்டியது சபை, ஒங்க மக இல்ல. இத மாமனார்ட்டயும் சொல்லுங்க, கடிதத்துல தோட்டத்த பத்தி ஒரு குத்தமும் சொல்லப்போறதில்ல, லைட்ட பத்தி மட்டுந்தான்.

கடிதத்த பத்தி ஒரு விஷயம் சொல்லணும், இது என் மனசுல ரொம்ப நாளா இருக்கு. சில வருஷத்துக்கு முன்ன சிறுவர் தின கூட்டம் ஒண்ணுல புள்ளைங்க அதிகாரிங்க முன்னால பேசுறதுக்கு ஏற்பாடு பண்ணுனோம், பேச்ச திருத்திக் குடுக்குறது என் பொறுப்பு. ஒரு பொண்ணு ரூல் போட்ட தாளுல பென்சிலால "எங்க ஸ்கூல் கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் கொண்டி இல்ல, ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளியில நின்னு கதவ புடிக்கணும், அதனால நாங்க தண்ணி குடிக்கிறதில்ல"ன்னு எழுதி கொண்டாந்துச்சு. நான் என்ன செஞ்சேன்னா, பெரிய ஆளுங்க வர்ற எடம்னு அத வெட்டி "சுகாதார வசதிகள் மேம்படுத்தப்பட வேண்டும்"னு மாத்திட்டேன். புள்ள அத மனப்பாடம் பண்ணி அழகா பேசுச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க, மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, ஆனா கொண்டிய பத்தி அந்த மண்டபத்துல ஒருத்தருக்கும் தெரியாம போச்சு. அம்பது ரூவா நூறு ரூவா கொண்டி தங்கச்சி, அன்னைக்கே ஒருத்தர் வாங்கி போட்டிருப்பார். அந்தப் புள்ள எழுதுனத நான் அழிக்காம விட்டிருந்தா போதும்.

அதனால ஒங்க மக கடிதத்த நீங்களும் திருத்தாதீங்க, டீச்சரும் திருத்த வேணாம். எழுத்துப் பிழைய மட்டும் காட்டுங்க, அவளே மாத்தட்டும். "லைட் எரியாட்டி எங்க கிளாஸ ஏன் நிப்பாட்டுறீங்க" அப்பிடிங்கிற வரி அப்பிடியே இருக்கணும். அதோட கணக்கும் வேணும், ஒரு நாள் சாயங்காலம் ஆறரைக்கு நீங்களோ அப்பாவோ கூட போங்க, சந்தியிலருந்து தண்ணி பீலி வரைக்கும் எத்தன போஸ்ட், எத்தனையில லைட் இருக்கு, எத்தன எரியுது, எந்த எடத்துல பாதை சரிஞ்சிருக்குன்னு புள்ளைங்களே எண்ணி ஒரு படம் கீறட்டும். பழைய கலண்டர் தாளோட பின்பக்கம் இதுக்கு ரொம்ப நல்லம். எத்தன பொண்ணுங்க கிளாஸுக்கு போகாம இருக்காங்கன்னும் எழுதட்டும். வெறும் புகாருக்கு "பாக்குறோம்"னு சொல்லி அனுப்பிருவாங்க, எண்ணிக்கையோட ஒரு படத்த மேசையில வச்சா அப்பிடி லேசா அனுப்ப முடியாது.

ஒங்க மக பேர் மட்டும் தனியா போக வேணாம். மேல் லயம் பணிய லயம் ரெண்டுலருந்தும் ஆறேழு புள்ளைங்க, பையன்களும் சேந்து கையெழுத்து வைக்கட்டும், கீழ ரெண்டு மூணு அம்மாமாரும் வைங்க, அப்ப ஒரு வீட்ட மட்டும் யாரும் கைகாட்ட முடியாது. கடிதம் தமிழ்லயே போதும், தமிழும் அரச மொழிதான். ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ண சபையில குடுத்து மத்ததுல திகதியோட சீல் அடிச்சு வாங்கிக்கோங்க, சீல் இல்லாத கடிதம் குடுக்காத கடிதம்தான். எந்தக் கட்சி எந்த யூனியன் மெம்பரா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி பிரதி குடுங்க. லைட் வந்த பொறகு யாராவது புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு போட்டோ புடிச்சு பேஸ்புக்ல போடப் பாத்தா வேணாம்னு சொல்ற தைரியம் ஒங்களுக்கு இருக்கணும், கூட்டத்துக்கு கொடி புடிக்க கூட்டிட்டுப் போனாலும் அதே பதில்தான்.

பதில் வராட்டி? பெரும்பாலும் மொத கடிதத்துக்கு வராது, அத புள்ளைக்கு இப்பவே சொல்லி வைங்க, இல்லாட்டி மனசு ஒடைஞ்சு போயிரும். 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல நீங்க ஒங்க பேர்ல விண்ணப்பம் போட்டு "இந்தத் திகதி கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்க, இந்த வருஷம் எங்க வட்டாரத்துல தெரு லைட்டுக்கு எவ்வளவு ஒதுக்குனீங்க"ன்னு கேக்கலாம். எதுக்கு கேக்குறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல, தகவல் தர்றதா இல்லயாங்கிற முடிவ 14 வேலை நாளுக்குள்ள சொல்லணும். விண்ணப்பம் நிரப்பும்போது மக பக்கத்துல ஒக்காரட்டும்.

இன்னொண்ணு, பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பாங்க, ஒங்க டிவிஷன்ல சிறுவர் கழகம் இருக்கா, இல்லாட்டி எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு அவங்கட்ட கேளுங்க. கிராம சேவகர், அதான் ஜிஎஸ்கிட்ட கேட்டா ஆள காட்டுவார். இந்த லைட் வேலைய ஆரம்பிக்கிற புள்ளைங்களே கழகத்துலயும் சேந்தா அடுத்த வருஷம் வேற ஒரு விஷயத்துக்கு நீங்க எனக்கு எழுத வேண்டியிருக்காது. பாதையில யாராவது புள்ளைங்கட்ட சேட்டை பண்றாங்கன்னா மட்டும் கடிதம், கழகம்னு காத்திருக்காதீங்க, சிறுவர் உதவி நம்பர் 1929க்கு ஒடனே கோல் பண்ணுங்க.

எழுதி முடிச்சதும் கடிதத்த சபைக்கு கொண்டு போறதுக்கு முந்தி, ராத்திரி தேத்தண்ணி நேரத்துல தாத்தாவுக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. எந்த போஸ்ட்ல முந்தி லைட் இருந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.