‘ஒயிட் டுவார்ஃப்’ இதழின் முன்னோடி எது?

கேள்வி: ‘ஒயிட் டுவார்ஃப்’ என்ற பிரிட்டிஷ் மேசை விளையாட்டு இதழுக்கு முன்பு வேறு ஒரு சிற்றிதழ் வந்ததாமே, அது ஏன் நின்றது?

ஆமாம், வந்தது. அதன் பெயர் ‘அவுல் அண்ட் வீசல்’. ஆந்தையும் மரநாயும் என்று சொல்லலாம். லண்டனில் ஒரே வீட்டில் குடியிருந்த ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக் ஆகிய நண்பர்கள் 1975இல் ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பிப்ரவரியிலேயே இதழும் வந்துவிட்டது.

நான் வியப்பது இதைத்தான்: ஒரு பிரதி அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, கதைமாந்தராக மாறி ஆடும் விளையாட்டை வெளியிட்டவர்களின் கைக்குப் போனது. அவர்கள் பதிலுக்குத் தங்கள் விளையாட்டை அனுப்பினார்கள். நண்பர்கள் வாங்கியது வெறும் ஆறு பெட்டிகள். ஆனாலும் ஐரோப்பா முழுவதற்குமான அதன் விற்பனை உரிமை அவர்களுக்குக் கிடைத்தது! சில தாள்கள் செய்த வேலை அது.

1977 ஏப்ரலில், 25ஆம் இதழோடு அது நின்றது. தோல்வியால் அல்ல, அந்தச் சிறு இதழில் எழுத இடம் போதவில்லை. அதே ஆண்டு ஜூனில் ‘ஒயிட் டுவார்ஃப்’ பிறந்தது.

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பகடை உருட்டும் நாங்கள் ஆறு பேரும் ஓர் இதழ் நடத்துகிறோம். நான்கு ஏ4 தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்பிள் முள், வரைபடம் மட்டும் கையால் வரைந்தது. நம் கையெழுத்துப் பத்திரிகை மரபு தெரிந்தவர்களுக்கு அந்த லண்டன் இதழ் அந்நியமாகவே தோன்றாது.