பெரிய கிளி இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதாக எந்தச் சின்னக் கிளி?

பல வருடமாக ஆப்ரிக்கன் கிரே வளர்க்கிறீர்கள். கூண்டு, தீனி, மருத்துவம் எல்லாம் அத்துப்படி. இப்போது சின்ன வகையில் இன்னொரு கிளி வேண்டும். காக்கடீல், கிரீன் சீக் கான்யூர், லவ்பேர்ட், பாரட்லெட் இந்த நான்கில் எதை எடுக்கலாம், அது கிரேக்குத் துணையாகவும் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரீன் சீக் எடுங்கள். சத்தமே ஆகாது என்றால் உங்கள் பட்டியலில் இல்லாத லினியோலேட்டட் பாரகீட்டைப் பாருங்கள். காக்கடீல் அருமையான பறவை, ஆனால் கிரே இருக்கிற வீட்டில் தூசியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. லவ்பேர்டும் பாரட்லெட்டும் உங்களுக்கு வேண்டாம். எங்கள் வீட்டிலும் கிரேதான் முதலில் வந்தது, அப்புறம்தான் கிரீன் சீக். படித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

துணை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கிரேக்குத் துணை என்ற எண்ணத்தில் சின்னக் கிளி வாங்காதீர்கள். கிரே 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். கிரீன் சீக் 60 முதல் 80 கிராம். பாரட்லெட் 30 கிராம் சுமாருக்குத்தான் வரும். கெட்டியான கொட்டையை உடைக்கிற அலகுக்கு முன்னால் சின்னப் பறவையின் கால் எம்மாத்திரம்? கோபத்தில் கடித்தாலும் விளையாட்டாகக் கடித்தாலும் சேதம் ஒன்றுதான். அதனால் ஒரே கூண்டு என்ற பேச்சே கிடையாது. தனித்தனிக் கூண்டில் இருந்துகொண்டு ஒன்றின் குரலுக்கு மற்றது பதில் கொடுக்கும் அளவுக்குப் பழகினாலே பெரிய விஷயம். அந்தச் சின்னப் பறவை உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதற்கென்று தினமும் தனியாக நேரம் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

சரி, ஏன் லவ்பேர்டும் பாரட்லெட்டும் வேண்டாம் என்கிறேன்? இரண்டுக்கும் தன் உருவம் என்ன என்ற நினைப்பே கிடையாது. தன் இடம் என்று முடிவு செய்துவிட்டால் பத்து மடங்கு பெரிய பறவை மேலும் பாயும். லவ்பேர்ட் மற்றப் பறவைகளின் கால் விரலைக் குறிவைத்துக் கடிப்பது வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கேயிக் கிளியும் இதே ரகம்தான், அது இன்னும் பெரியது. இந்தப் பறவைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை; வேறு பறவை இல்லாத வீட்டில் ஒரு லவ்பேர்ட் காட்டுகிற பாசத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் சண்டையைத் தேடிப் போகிற சின்னப் பறவையும், நகராமல் உட்கார்ந்த இடத்திலேயே காத்திருக்கிற கிரேயும் ஒரே அறையில் இருந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

கிரேயின் அந்தக் காத்திருப்பை நீங்கள் உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். எங்கள் கிரே, கிரீன் சீக் பக்கத்தில் வந்தால் கத்தாது, இறக்கையை விரிக்காது. தலையைத் தாழ்த்தி, கழுத்து இறகை மெல்ல உப்ப வைத்து, கோதிவிடு என்று கேட்பது போல் குனியும். நம்மிடம் செய்யும்போது அது உண்மையாகவே கோதிவிடச் சொல்வதுதான். கிரீன் சீக்கிடம் செய்யும்போது கண்ணைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: கண்மணி சுருங்குகிறது, விரிகிறது, மறுபடி சுருங்குகிறது. காலில் ஒன்று குச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும், மற்றது லேசாகத் தூக்கியிருக்கும். கிரீன் சீக்குக்கு அந்தக் குனிதல் அழைப்பாகத் தெரியும், ஆசையோடு கிட்டே போகும். அந்த இடத்தில் நம் கை இருக்க வேண்டும். இரண்டும் வெளியே இருக்கும் நேரத்தில் நாங்கள் போனைத் தொடுவதில்லை, பெரும்பாலும் ஒன்று வெளியே வந்தால் மற்றது உள்ளே. கூண்டுக் கம்பி வழியாகவும் ஆபத்து உண்டு. சின்னப் பறவை பறந்து வந்து பெரிய கூண்டின் மேல் உட்காரும், பெரியது அடியில் இருந்து சத்தமில்லாமல் ஏறி வந்து விரலைப் பிடிக்கும். அதற்காகக் கிரேயின் கூண்டுக்கு மேலே, ஓரம் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பலகை போட்டிருக்கிறோம். இரண்டு கூண்டுக்கும் நடுவே பறவை எட்டாத இடைவெளி விட்டிருக்கிறோம்.

அடுத்து சத்தம். இதில்தான் கிரே வீடு மற்ற வீடுகளில் இருந்து மாறுபடுகிறது. சின்னக் கிளி எழுப்பும் குரல் எதுவோ, அதைக் கிரேயும் கற்றுக்கொள்ளும். கிரே 40, 50 வருடம் வாழக்கூடியது. சின்னக் கிளி போன பிறகும் அந்தக் குரல் உங்கள் வீட்டில் இருக்கும். அதனால் அந்தச் சின்னப் பறவையின் கத்தலை என்னால் பொறுக்க முடியுமா என்று மட்டும் கேட்டால் போதாது. அதே கத்தல் கிரேயின் தொண்டையில் இருந்து, தினமும், நினைத்த நேரத்துக்கு வந்தால் பொறுக்க முடியுமா என்று யோசியுங்கள். எங்கள் கிரீன் சீக், ஆள் கண்ணில் படாவிட்டால் கரகரப்பாக ஒரு அழைப்பு விடும். கிரே அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ராத்திரி சின்னக் கூண்டுக்குத் துணி போட்டு மூடிய பிறகு கிரே அந்தக் குரலைக் கொடுக்கும், துணிக்குள் இருந்து தூக்கக் கலக்கத்தோடு பதில் வரும். எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் சன் கான்யூரின் அலறல் அப்படி இரட்டிப்பானால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. நிறத்தைப் பார்த்து மயங்கி யாராவது சன் கான்யூரைச் சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பார்த்தால் ஆண் காக்கடீலை அடிக்க ஆளில்லை. அதன் சீட்டி கிரேயின் வாயில் இன்னும் அழகாக இருக்கும்.

காக்கடீலில் தயக்கம் எங்கே என்றால், அது காக்கட்டூ என்ற கொண்டைக் கிளிக் குடும்பத்தில் மிகச் சிறியது. அந்தக் குடும்பத்துக்கே உரிய வெள்ளைப் பொடி அதன் இறகில் இருந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். கிரேயும் பொடி உதிர்க்கிற பறவை என்பது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதைத் தூக்கிய எவருக்கும் தெரியும். இரண்டையும் ஒரே காற்றில் வைத்தால் வீட்டில் ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் பாடு கஷ்டம். இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது முதல் பறவை மக்கா என்ற பெரிய கிளியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நீலமும் மஞ்சளுமான மக்காவுக்கு இந்தப் பொடி நாளடைவில் நுரையீரலையே பாதிக்கிறது. உங்கள் வீட்டில் மூச்சுத் தொந்தரவு யாருக்கும் இல்லை, காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது, பறவைகள் அடிக்கடி குளிக்கின்றன என்றால் காக்கடீலைத் தாராளமாக எடுக்கலாம். ஆணா பெண்ணா என்று டிஎன்ஏ பார்த்து ஆணாக எடுப்பது நல்லது. பெண் பறவை துணை இல்லாமலேயே தொடர்ந்து முட்டையிட்டு உடம்பில் உள்ள கால்சியத்தை எல்லாம் தீர்த்துக்கொள்ளும், முட்டை சிக்கிக்கொள்வதும் உண்டு. இன்னொன்று, ராத்திரியில் காக்கடீல் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். மங்கலான விளக்கு ஒன்று எரிய விட்டால் பெருமளவு குறையும்.

இப்போது கிரீன் சீக். தென் அமெரிக்கப் பறவை. பொலிவியாவும் பிரேசிலும் அதன் சொந்த ஊர். வாலோடு சேர்த்து சுமார் 25 சென்டிமீட்டர். கிரேயோடு வாழ்ந்தவர்களுக்கு இது முற்றிலும் வேறு அனுபவம். கிரே தூரத்தில் இருந்து பார்த்து, யோசித்து, முடிவெடுக்கும். இது முதலில் குதித்துவிட்டு அப்புறம்தான் எங்கே குதித்தோம் என்று பார்க்கும். சட்டைக்குள் நுழையும், மல்லாந்து படுத்து கால் நான்கு விரலாலும் உங்கள் விரலைப் பிடித்து மல்லுக்கட்டும். பேச்சு அவ்வளவாக வராது. வருகிற ஒன்றிரண்டு சொல்லும் கரகரத்த குரலில்தான் இருக்கும். பேசுவதற்கு உங்களிடம் கிரே இருக்கிறதே.

கடி விஷயத்தில் மட்டும் உங்கள் அனுபவமே உங்களைக் கொஞ்சம் தடுமாற வைக்கலாம். கிரே கடிப்பதற்கு முன் எத்தனையோ அறிகுறி காட்டும், அதைப் படித்துப் பழகியிருப்பீர்கள். கிரீன் சீக்கின் எச்சரிக்கை கண்ணிமைக்கும் நேரம்தான். உடம்பு ஒரு நொடி விறைக்கும், அவ்வளவே. குஞ்சாக இருக்கும்போது எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும், பருவம் வரும்போது நிஜமாகவே கடித்துப் பார்க்கும். கத்தாமல், கையை உதறாமல், அமைதியாக இறக்கிவிட்டுச் சற்று நேரம் கண்டுகொள்ளாமல் இருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடத்துக்கு மேலும் இருக்கும் பறவை, அவசரப்பட ஒன்றுமில்லை.

லினியோலேட்டட் பாரகீட்டை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை என்பது என் ஆதங்கம். சுமார் 16 சென்டிமீட்டர், 50 கிராம். மெக்சிகோவில் தொடங்கி பெரு வரைக்கும் உள்ள மலைக் காடுகளில் வாழ்வது. பறப்பதைவிட நடந்தே போவது அதற்குப் பிடிக்கும். குச்சியில் நிமிர்ந்து உட்காராமல் உடம்பைக் கிடையாகச் சாய்த்து வைத்திருக்கும். நனைந்த கீரை இலைக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் அதற்குள் புகுந்து புரண்டு குளித்துவிட்டு வரும். குரல் மெல்லிய முணுமுணுப்புதான். யாரிடமும் வம்புக்குப் போகாது, ஆகவே கிரே இருக்கும் அறைக்கு ஏற்றது. எச்சம் மட்டும் கொஞ்சம் தண்ணீராக இருக்கும், கூண்டுத் தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். தொட்டுப் பழக வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்பவர்களுக்கு போர்க்ஸ் கிளியும் நல்ல தேர்வு. விடிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் அது சுறுசுறுப்பாக இருக்கும்.

பட்ஜி (பட்ஜரிகர்) என்ற சின்னக் கிளியையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பக் என்ற பட்ஜிக்கு 1,728 சொல் தெரிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவே இருக்கிறது. ஆனால் ஆயுள் குறைவு, கட்டிகள் வருவது சகஜம்.

எந்த வகை எடுத்தாலும், பழைய பறவையைக் காப்பாற்றுவது தனிமைப்படுத்தும் காலம்தான். பறவை வளர்த்துப் பழகியவர்கள்தான் இதில் சலுகை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் அழுத்தியே சொல்கிறேன். குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 நாள், தனி அறை, தனிக் கிண்ணம், காற்றும் தனி. தினமும் முதலில் கிரேயைக் கவனியுங்கள், புதிய பறவையைக் கடைசியில்; அதன் பிறகு சட்டை மாற்றிக் கை கழுவாமல் கிரே பக்கம் போகாதீர்கள். பறவை மருத்துவரிடம் கிளமிடியா, அலகு இறகு நோய்க்கான சர்க்கோ வைரஸ், பாலியோமா, போர்னா வைரஸ் இந்த நான்கு தொற்றுக்கும் பரிசோதனை கேளுங்கள். கிளமிடியா மனிதருக்கும் தொற்றி நிமோனியா வரை கொண்டுபோகும். காக்கடீலும் பட்ஜியும் பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே அதைச் சுமக்கக்கூடியவை. அலகு இறகு நோய் இளம் கிரேக்களை வேகமாகக் கொல்லும். போர்னா வைரஸ் எச்சத்தில் விட்டுவிட்டுத்தான் வெளியேறும், ஆகவே ஒரு முறை இல்லை என்று வந்ததை வைத்து முடிவு கட்டாமல் இடைவெளி விட்டு மறுபடி பாருங்கள்.

கிரேயின் பழைய கூண்டு பரணில் இருந்தாலும் அதை எடுக்காதீர்கள். அதன் கம்பி இடைவெளி 2 முதல் 2.5 சென்டிமீட்டர் இருக்கும், சின்னத் தலை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கிரீன் சீக்குக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், பட்ஜி அளவுள்ளவைக்கு 1.2 சென்டிமீட்டர். தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பாருங்கள். 70 கிராம் பறவையில் 7 கிராம் குறைந்தால் அது பத்து சதவீதம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். கிரே அளவுக்கு இவை நோயைத் தாங்காது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்பாடான சைட்டிஸில், கிரே 2017 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்ஜி, காக்கடீல், பீச் முக லவ்பேர்ட், சிவப்பு வளையக் கிளி இந்த நான்கைத் தவிர மற்ற எல்லாக் கிளிகளும் அதன் பட்டியல்களில் வருகின்றன. கிரீன் சீக்கும் அதில் அடக்கம். அதனால் எங்கே பிறந்தது என்ற காகிதத்தோடு வாங்குங்கள், உங்கள் நாட்டில் பதிவு தேவையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தானாகத் தின்னப் பழகாத குஞ்சை, விலை குறைவு என்றோ பாசம் அதிகமாகும் என்றோ சொல்லி யாராவது கொடுத்தால் எடுக்காதீர்கள். அப்புறம், கிரீன் சீக் வளர்க்கிற வீடு ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு சாயங்காலம் பொழுது சாயும் வரை அங்கே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதன் முழுக் குரலும் அந்த நேரத்தில்தான் வரும். கிரே அதைப் பேசினால் எப்படி இருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.