விண்வெளியில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று மகன் கேட்கிறான்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்த செய்தியைப் பார்த்த நாளிலிருந்து கேள்விகளால் துளைத்தெடுக்கிறான். ஏன் மிதக்கிறார்கள், கழிவறைக்கு எப்படிப் போவார்கள், எப்படித் தூங்குவார்கள், யாராவது செத்துப்போயிருக்கிறார்களா? முதல் கேள்விக்கு ‘அங்கே புவியீர்ப்பு கிடையாது’ என்றேன். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன். மற்றவற்றுக்கு ‘பெரியவனானால் தெரியும்’ என்கிறேன். நான் பி.காம். படித்தவள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அன்புச் சகோதரி, இதற்கு பி.காம். ஒரு தடையே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பதில்களுமே தவறு. அவற்றை முதலில் திருத்திவிடலாம்.

விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம். ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் பூமியைச் சுற்றாது. ஒரே நேர்க்கோட்டில் எங்கோ போய்விடும். உண்மையில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்வதால், அது விழ விழ உருண்டையான பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. தரை எட்டுவதே இல்லை. உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுவதால்தான் மிதக்கிறார்கள்.

வாயால் சொன்னால் பையன் நம்ப மாட்டான். ஒரு காகிதக் கோப்பையின் பக்கவாட்டில், அடிப்பகுதியை ஒட்டி, பென்சிலால் ஒரு துளை போடுங்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள். மாடிப்படியின் மேல் நின்று விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். அது வந்துகொண்டிருக்கும்போதே கோப்பையைக் கைவிட்டுவிடுங்கள். விழும் அந்த நேரம் மட்டும் ஒழுகல் நின்றுவிடும். மகன் கீழே சற்றுத் தள்ளி நின்று பார்க்கட்டும். கைபேசியில் ஸ்லோமோஷனில் எடுத்துத் திரும்பப் போட்டுக் காட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். கோப்பையும் தண்ணீரும் ஒன்றாக விழும்போது தண்ணீர் கோப்பையை அழுத்துவதில்லை. நிலையத்தின் தரையில் விண்வெளி வீரரின் கால் அழுந்தாததும் இதனால்தான்.

கழிவறைக் கேள்வியை ‘சும்மா இருடா’ என்று அடக்காதீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் மகன் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். எதுவும் தானாகக் கீழே விழாத இடத்தில் எல்லாவற்றையும் காற்றால் இழுத்தாக வேண்டும். சிறுநீருக்கு ஒரு புனலும் குழாயும் உண்டு. மின்விசிறி காற்றோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சிறுநீரும், வியர்வையும், மூச்சில் வெளியேறும் ஈரமும் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி குடிநீராகின்றன. நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் இப்படி 98 சதவீதம் தண்ணீரை மீட்டுவிட முடியும் என்று 2023-இல் நாசா அறிவித்தது. பையன் ‘சீ’ என்பான். சொல்லட்டும். ஒவ்வொரு குடம் தண்ணீரையும் ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவனையே கேளுங்கள்.

தூக்கம் எளிது. சிறு அறையின் சுவரில் கட்டிய உறைப்பைக்குள் புகுந்து தூங்குவார்கள். ஆனால் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் வீட்டில் சூடான மூச்சுக்காற்று மேலே போய்விடும். அங்கே மேல் கீழ் இல்லாததால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பதால் ஒரு நாளில் 16 முறை விடிகிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துத்தான் படுக்கப் போகிறார்கள்.

இனி, நீங்கள் ‘இல்லை’ என்று சொன்ன கேள்வி. பையனைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் கல்பனா சாவ்லாவைப் பற்றி அவன் பள்ளியில் கட்டாயம் கேள்விப்படுவான். அம்மா மறைத்துவிட்டாள் என்று அன்றைக்குத் தெரிந்தால், அடுத்த கேள்வியை உங்களிடம் கொண்டுவர மாட்டான். நீங்களே சொல்லிவிடுங்கள்.

விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து மனிதர்கள் இடைவிடாமல் வசித்துவருகிறார்கள். அங்கே இதுவரை யாரும் இறந்ததில்லை. இதிலிருந்து தொடங்குங்கள். பிறகு, 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பி வரும்போது உடைந்து, கல்பனா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்ததைச் சொல்லுங்கள். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டிருந்தது. திரும்பும்போது, கொதிக்கும் காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிட்டது. ‘அப்புறம் என்ன செய்தார்கள்?’ என்பான். நல்ல பதில் இருக்கிறது: அதற்குப் பிறகு பறந்த, கொலம்பியா வகையைச் சேர்ந்த ஒவ்வொரு ஷட்டில் விண்கலத்தின் வெப்பக் கவசத்தையும் விண்வெளியிலேயே கேமரா வைத்துச் சோதித்த பிறகுதான் தரையிறக்கினார்கள்.

முன்பு சொன்னது தவறு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். படுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம், பகலில் பேசுங்கள். கண்ணீர் வந்தால் துடைத்துவிட்டுப் பேச்சை மாற்ற வேண்டாம். கல்பனா ஹரியானாவின் கர்னாலில் பிறந்தவர், இறப்பதற்கு முன்பே 1997-இல் ஒருமுறை விண்வெளிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர் என்பதையும் அவன் கேட்கட்டும். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் விளையாடப் போய்விடலாம். இரண்டு நாள் கழித்துச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது மீதிக் கேள்விகள் வரும்.